விண்ணப்பதாரர் பதில் நிலுவை

முன்பெல்லாம் காலை ஒன்பது மணிக்கே எங்கள் அலுவலகக் கூடம் நிரம்பிவிடும். திருப்பூரின் பனியன் கம்பெனிகள் ஒவ்வொன்றாகத் தானியங்கி இயந்திரங்களுக்கு மாறிக்கொண்டிருந்த காலம். ஒரு பக்கம் துணியை விட்டால் மறுபக்கம் தைத்து, மடித்து, சீட்டு ஒட்டி, பெட்டிக்குள் வந்து விழும். ஓவர்லாக் டெய்லர்கள், கட்டிங் மாஸ்டர்கள், செக்கிங் பெண்கள் என்று ஒரே வருடத்தில் எண்பதாயிரம் பேர் வேலையிழப்பு உதவித்தொகைக்கு மனுப் போட்டார்கள். அந்த மனுக்களைச் சரிபார்க்கப் பதினொரு அலுவலர்கள் இருந்தோம். நான் அவர்களில் ஒருத்தி. பெயர் சுபிக்‌ஷா.

ஒரு மனு முடிய எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதமும் அவர்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்திருப்பார்கள். சத்தம் போடுகிறவர்கள் எங்களுக்குப் பழகிவிட்டார்கள். உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பவர்களைத்தான் தாங்க முடியாது. ஒருவர் பதினேழு நாட்கள் தொடர்ந்து என் மேசைக்கு எதிர் பெஞ்சில் இருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. மதியம் நான் டிபன் பாக்ஸைத் திறந்தால் மட்டும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். பதினெட்டாம் நாள் அவர் கோப்பை மேலே எடுத்து முடித்து அனுப்பினேன். இரக்கம் என்று அதைச் சொல்லிக்கொள்ள முடியாது. அவர் எழுந்து போனால் நிம்மதியாகச் சாப்பிடலாம் என்றுதான் நினைத்தேன்.

அப்போதுதான் அரசு உறக்கத் திட்டத்தைக் கொண்டுவந்தது. உதவித்தொகை வரும்வரை மனுதாரர் விரும்பினால் தூங்கலாம். நகருக்கு வெளியே பழைய நூல் கிடங்கு ஒன்றை அதற்காக எடுத்துக் குளிரூட்டியிருந்தார்கள். திறப்பதற்கு முன் எங்களை அழைத்துப்போய்க் காட்டினார்கள். வரிசை வரிசையாகக் கண்ணாடி மூடிய கட்டில்கள். சோதனைக்காகச் சிலர் ஏற்கெனவே படுத்திருந்தார்கள். பொறுப்பு மருத்துவர் இம்மானுவேல் கூடவே நடந்து வந்தார்.

"என்ன டாக்டர், செத்தவங்க மாதிரி கெடக்காங்க?" என்று கேட்டேன்.

"நிமிஷத்துக்கு நாலு தடவ இதயம் துடிக்குது மேடம். ஒரு மாசம் தூங்கினா உடம்புக்கு மூணு நாள்தான் கழியும். அந்த மூணு நாளுக்கு உண்டான சாப்பாடு குழாய் வழியாப் போயிடும்."

"கனவு வருமா?"

"இந்தக் குளிர்ல வராது. கண்ண மூடுவாங்க, திறப்பாங்க. நடுவுல ஒண்ணுமே இருக்காது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க. ஆறு மாசத்துக்கு மேல யாரையும் இங்க வெச்சிராதீங்க. அதுக்கு மேல உடம்பு என்னாகும்னு இதுவரைக்கும் யாரும் பாத்ததில்ல."

"நாங்க மூணே மாசத்துல முடிச்சிருவோம் டாக்டர்" என்று எங்கள் கண்காணிப்பாளர் ஹரிகிருஷ்ணன் சிரித்தார்.

தூங்குபவரின் மனுவுக்கு முன்னுரிமை, குடும்பத்துக்கு மாதம் இருபது கிலோ அரிசி என்று அறிவிப்பு வந்தது. பெயர் கொடுக்க வரிசை நின்றது.

நவநீதன் அந்த வரிசையில்தான் என் மேசைக்கு வந்தார். முப்பத்தெட்டு வயது, பதினாறு வருடம் ஒரே கம்பெனியில் ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டியவர். கூடவே மனைவி அபிநயாவும் மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகளும் வந்திருந்தார்கள். அபிநயாவுக்கு இதில் மனமில்லை என்பது பார்த்தவுடனே தெரிந்தது.

"ஏனுங்க மேடம், இவரு தூங்கிட்டாருன்னா நானும் பாப்பாவும் என்னுங்க பண்றது?"

"அரிசி வருமுல்ல" என்றார் நவநீதன். "நான் வீட்டுல சும்மா உக்காந்து தின்னுக்கிட்டிருக்கறதுக்கு இது தேவலையாட்டத் தெரியுது அபி." என்னிடம் திரும்பினார். "எத்தன நாளாகுமுங்க?"

"மூணு மாசம். அதுக்குள்ள கண்டிப்பா வந்துரும். உங்க கோப்பு என்கிட்டதான் வரும், நான் பாத்துக்கறேன்."

அதைச் சொன்னபோது நான் பொய் சொல்லவில்லை. அதை இன்றும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். ஆனால் யோசித்தும் சொல்லவில்லை. அவர்களுக்குப் பின்னால் இன்னும் நாற்பது பேர் நின்றார்கள். அவர் கைகூப்பினார். அபிநயா என் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு, "செரிங்க, மேடமே சொல்றாங்க" என்று கையெழுத்துப் போட்டாள்.

இரண்டு மாதத்தில் எங்கள் கூடம் காலியாகிவிட்டது. பெஞ்சுகளை ஓரமாக அடுக்கினார்கள். யாரோ ஜன்னலோரம் மணி பிளான்ட் வைத்தார்கள். வெளியே தகவல் சொல்ல ஒரு இயந்திரம் வந்தது. பத்து வருடத்தில் முதல்முறையாக நாங்கள் ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போனோம். டீ குடிக்க வெளியே போய் அரை மணி நேரம் நின்று பேசினோம். யாரும் வேண்டுமென்று வேலையைத் தள்ளிப்போடவில்லை. அவசரப்படுத்தக் கண் எதுவும் எதிரில் இல்லை, அவ்வளவுதான். தூங்குகிறவர்களுக்குப் பசிக்காது, பொழுது போகவில்லை என்ற கவலையும் கிடையாது, நாளைக்குப் பார்த்தால் என்ன என்று ஆகிவிட்டது.

நவநீதனின் கோப்பு ஒரு வெள்ளிக்கிழமை மாலை என் திரைக்கு வந்தது. மறுநாள் குடும்பத்தோடு ஏற்காடு கிளம்ப வேண்டும். அடையாள அட்டையில் 'நவநீதன்' என்று இருந்தது, கம்பெனி கொடுத்த சான்றிதழில் 'நவநீதம்'. ஒரே ஓர் எழுத்து. வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்திருந்தால் அங்கேயே தீர்ந்திருக்கும். ஆனால் ஒரு கோப்பு முப்பது நாளுக்கு மேல் நம் கையில் இருந்தால் விளக்கம் எழுத வேண்டும். மனுதாரரிடம் வினா ஒன்றை எழுப்பிவிட்டால் கோப்பு நம் கணக்கிலிருந்து விலகி வேறொரு பட்டியலுக்குப் போய்விடும். அந்தப் பட்டியலுக்குப் பெயர் 'விண்ணப்பதாரர் பதில் நிலுவை'.

வினாவை அனுப்பினேன். இன்னும் எட்டுக் கோப்புகளுக்கும் அப்படியே செய்துவிட்டு விளக்கை அணைத்துப் புறப்பட்டேன்.

அதன்பிறகு இரண்டு வருடம் நான்கு மாதம் கழிந்தது.

ஒரு நாள் காலையில் டாக்டர் இம்மானுவேல் நேராக என் மேசைக்கு வந்தார். முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை, அவ்வளவு நரைத்திருந்தார். கையில் ஒரு பட்டியல்.

"மேடம், ஒரு சின்ன சந்தேகம். எங்க கூடத்துல ஆறு மாசம் தாண்டினவங்க இருநூத்திப் பதினாலு பேரு. எதுக்கு இன்னும் எழுப்பலேன்னு ஒவ்வொருத்தர் பேர்லயும் தட்டிப் பாத்தேன். எல்லாருக்கும் ஒரே பதில்தான் வருது. விண்ணப்பதாரர் பதில் நிலுவை." அவர் பட்டியலை என் முன்னால் வைத்தார். "பதில் யாரு மேடம் சொல்லணும்?"

"அவங்கதான் டாக்டர். வினா அவங்க போனுக்குப் போகும். விதிப்படி மனுதாரருக்கு மட்டும்தான் அனுப்ப முடியும்..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டேன்.

"போனெல்லாம் கட்டிலுக்குக் கீழ பையில கட்டி சீல் வெச்சிருக்கோம்" என்றார் அவர். "நாங்கதான் வாங்கி வெச்சோம்."

பட்டியலை இழுத்துப் பார்த்தேன். அறுபத்தொரு பெயருக்கு எதிரில் என் அலுவலர் எண் இருந்தது. மூன்றாம் வரிசை, நவநீதன் என்று படித்ததும் கைகூப்பிய அந்த முகம் அப்படியே வந்தது.

கோப்பைத் திறந்தேன். வினாவுக்குக் கீழே ஏழு இணைப்புகள் இருந்தன. எனக்கு ஒரு நாளைக்கு நாற்பது இணைப்புகளாவது வரும். கையெழுத்து மனுதாரருடையதா என்று இயந்திரமே பார்த்துச் சொல்லும், இல்லை என்றால் சிவப்புக் கோடு போடும். சிவப்புக் கோடு உள்ளதை நாங்கள் ஒரே தட்டலில் தள்ளிவிடுவோம். திறந்துகூடப் பார்ப்பதில்லை. முதல் கடிதத்தை அன்றைக்குத்தான் படித்தேன்.

'மதிப்பிற்குரிய மேடம் அவர்களுக்கு, என் கணவர் நவநீதன் உங்கள் கூடத்தில் மூன்றாம் வரிசையில் தூங்குகிறார். அவரிடம் ஏதோ கேட்டு பதில் வரவில்லை என்று மெஷினில் காட்டுகிறது. என்ன கேட்டீர்கள் என்று எனக்குச் சொன்னால் நான் பதில் சொல்கிறேன். அவர்தான் சொல்ல வேண்டும் என்றால் அவரை ஒரு பத்து நிமிஷம் எழுப்பிக் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருத்தர் சம்பாதித்தாலும் மனு ரத்தாகும் என்று சொன்னதால் நானும் எந்த வேலைக்கும் போகவில்லை. இப்படிக்கு, அபிநயா.'

அதன் கீழே: 'விண்ணப்பதாரரின் கையொப்பம் இல்லை. ஏற்க இயலாது.' என் பெயர், தேதி.

ஏழு கடிதங்களின் கீழேயும் அதே வரி. கடைசிக் கடிதம் மிகச் சிறியது. 'மேடம், பாப்பா அஞ்சாம் வகுப்பு போய்விட்டாள். அவள் அப்பாவை எப்போது எழுப்புவீர்கள்?'

டாக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆறு மாதம் என்று சொன்ன அவரும் இரண்டு வருடம் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார்.

பட்டியலை எடுத்துக்கொண்டு கண்காணிப்பாளர் அறைக்குப் போனேன். ஹரிகிருஷ்ணன் நிதானமாகப் படித்தார். அவர் அதிர்ந்துபோகவில்லை. ஏற்கெனவே தெரிந்திருந்ததோ என்று எனக்கு இன்றும் சந்தேகம்.

"இதப் பாருங்கம்மா. மாநிலத்துலயே நிலுவை இல்லாத ஆபீஸ்னு நமக்குத்தான் பேரு. இப்பப் போயி இருநூறு பேர எழுப்பி, ரெண்டு வருஷப் பாக்கியக் குடுன்னு கேட்டா, ஏன்னு கேப்பாங்க. யாருன்னும் கேப்பாங்க."

"அதுக்கு என்ன சார் பண்றது?"

"விதியிலயே வழி இருக்கே. ரெண்டு வருஷம் பதில் தரலேன்னா மனுவத் தள்ளுபடி பண்ணலாம். பண்ணிட்டு எழுப்பி விட்ருவோம். புதுசா மனுப் போடட்டும்."

"அவங்க தூங்கிட்டிருந்தாங்க சார். எப்படிப் பதில் தருவாங்க?"

"அது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். கோப்புக்குத் தெரியுமா?" பட்டியலை என்னிடமே நீட்டினார். "திங்கட்கிழமை தள்ளுபடி ஆர்டர் போட்ருவோம். நீங்க மனசப் போட்டு அலட்டிக்காதீங்க."

அவர் கெட்டவர் என்று சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. அறையை விட்டு வெளியே வந்தபோது ஒரு கணம் எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. யாருக்கும் தெரியாது. எழுந்தவர்களுக்கும் என்ன நடந்தது என்று புரியாது. என் மகள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கடன் இன்னும் ஒன்பது வருடம் இருந்தது.

மேசைக்கு வந்து நவநீதனின் வங்கிக் கணக்கைத் திறந்தேன். பதினாறு வருடச் சம்பளமும் அவர் பெயருக்குத்தான் போயிருந்தது, 'ன்' என்றுதான். மொத்தம் நான்கு நிமிடம். நான்கு நிமிட வேலைக்காக அவர் இரண்டேகால் வருடத்துக்கு மேலாகக் கிடந்திருக்கிறார்.

பழைய வினாவை ரத்து செய்ய வேண்டுமானால் தாமதத்துக்குக் காரணம் குறிப்பிட வேண்டும். மனுதாரர், வேலை கொடுத்தவர், வங்கி என்று மூன்று கட்டங்கள் இருந்தன. அலுவலர் என்று ஒரு கட்டம் இல்லை. 'மற்றவை' என்பதைத் தொட்டு, 'சரிபார்ப்பு அலுவலரின் கவனக்குறைவு. வினா தேவையற்றது. கடிதங்கள் படிக்கப்படவில்லை. சுபிக்‌ஷா' என்று தட்டினேன். என் பெயரையே இரண்டு முறை தப்பாக அடித்துத் திருத்தினேன். பிறகு அடுத்த கோப்பு. அன்று மாலைக்குள் அறுபத்தொன்றையும் முடித்தேன். உதவித்தொகை வழங்கும் ஆணை பிறந்துவிட்டால் அதைக் கண்காணிப்பாளரால் திரும்பப் பெற முடியாது.

மறுநாள் விளக்கம் கேட்டு எனக்குக் குறிப்பாணை வந்தது. ஹரிகிருஷ்ணன் என் முகத்தைப் பார்க்காமலே கொடுத்தார். ஆனால் என் குறிப்பு பதிவேட்டில் ஏறிவிட்டதால் மற்றவர்களாலும் சும்மா இருக்க முடியவில்லை. மீதி நூற்றைம்பத்து மூன்று பேரையும் தள்ளுபடி செய்யாமல் ஒவ்வொருவராகத் தீர்த்தார்கள். அலுவலகத்தில் யாரும் என்னோடு டீ குடிக்க வரவில்லை.

மூன்றாம் நாள் டாக்டர் போன் செய்தார். என் பட்டியலில் பாக்கியவதி என்று ஒரு செக்கிங் தொழிலாளி. எழுப்பும்போது இதயம் ஏற்றுக்கொள்ளவில்லை. அவரிடம் நான் எழுப்பியிருந்த வினா, புகைப்படம் தெளிவாக இல்லை என்பது. உறவு என்ற இடத்தில் அவர் கோடு போட்டிருந்தார். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்க அவருக்கு ஆளே இல்லை.

நவநீதனை எழுப்பிய அன்று நான் உறக்கக் கூடத்துக்குப் போனேன். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்திருந்தார்கள். உதடு வெடித்திருந்தது. மூன்று மாதத் தாடி. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார முயன்றார், முடியவில்லை.

"மேடம், நீங்களே வந்திருக்கீங்களா?" தாடியைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். "சொன்னபடி மூணு மாசத்துல முடிச்சுப்போட்டீங்க. இந்தத் தாடியப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சுங்க. ரொம்ப நன்றிங்க மேடம்."

அவர் கைகூப்பினார். திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். திட்டியிருந்தால் தலைகுனிந்து நின்றிருப்பேன். இந்த நன்றியை என்ன செய்வது என்று தெரியவில்லை. டாக்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியே விட்டுவிட்டுப் போனால் இன்றைய தேதியை அவருக்கு வேறு யாராவது சொல்லிக்கொள்வார்கள்.

சொன்னேன். வெள்ளிக்கிழமை, ஓர் எழுத்து, ஏழு கடிதங்கள், எல்லாவற்றையும் சொன்னேன். ஏற்காட்டையும் சொன்னேன்.

அவர் மேல்கூரையைப் பார்த்தபடி விரல்களை மடக்கி எண்ணினார். பிறகு, "அப்போ பாப்பாவுக்குப் பத்து வயசு முடிஞ்சிருக்குமுங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"ஏழு லெட்டரு போட்டாளா?"

"ஆமாங்க."

"அவளுக்குக் கையெழுத்தே அத்தன நல்லா வராதுங்க" என்றார். அதற்குமேல் கோபம் எதுவும் வெளியே வரவில்லை. அபிநயாவின் எண்ணைப் போட்டுப் பார்த்தார். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது. எழுப்பப்பட்ட செய்தியும் விதிப்படி நவநீதனின் போனுக்குத்தான் வந்திருந்தது. மாதத்தில் முதல் ஞாயிறு கண்ணாடி வழியாகப் பார்க்க வருபவர்களின் பதிவேட்டில் அபிநயாவின் புது முகவரி கிடைத்தது. ஒருமுறைகூடத் தவறாமல் வந்திருந்தாள்.

ஐந்து நாள் நடைப்பயிற்சிக்குப் பிறகு, "நீங்களும் வாங்க மேடம்" என்றார். "எங்கிட்டச் சொன்னதை அவகிட்டயும் நீங்களே சொல்லுங்க. லெட்டரு போட்டேன் போட்டேன்னு சொல்லியிருப்பா, சொந்தக்காரங்க ஒருத்தரும் நம்பியிருக்க மாட்டாங்க."

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஆட்டோவில் போனோம். ஓர் ஓடைக்கரையில் லைன் வீடுகள். வழி நெடுகிலும் சொல்ல வேண்டியதை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். எப்படித் தொடங்கினாலும் அது எனக்காக நான் சொல்லிக்கொள்வதுபோலவே இருந்தது. சந்து குறுகலாக இருந்ததால் ஆட்டோ முனையிலேயே நின்றது. நவநீதன் ஊன்றுகோலோடு மெல்ல இறங்க, ஓட்டுநர் தோள் கொடுத்தார். வீட்டு எண்ணைத் தேடிக்கொண்டு நான் முன்னால் நடந்தேன்.

நான்காவது வீட்டின் கதவு திறந்திருந்தது. உள்ளே தரையில் அபிநயாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் நடுவில் மலைபோலப் பனியன்கள். இயந்திரம் விட்டுவிட்ட நூல் பிசிறுகளை வெட்ட இன்னும் மனிதக் கை தேவைப்பட்டது. இருவர் கையிலும் சின்னக் கத்தரி.

என் நிழல் விழுந்ததும் அபிநயா நிமிர்ந்தாள். முதலில் என் கழுத்தில் தொங்கிய அலுவலக அட்டையைத்தான் பார்த்தாள். அவள் ஏதாவது சொல்லும் முன்பே மகள் எழுந்து, கொடியில் கிடந்த போர்வையை இழுத்துக் குவியலின் மேல் போட்டு மூடினாள். பதறாமல், பலமுறை செய்த கையாகச் செய்தாள். கத்தரிகள் எங்கே போயின என்று எனக்குத் தெரியவில்லை.

"வாங்க மேடம்" என்று அபிநயா எழுந்து நின்றாள். என்னை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. முகம் வெளுத்திருந்தது. "இது பக்கத்து வீட்டுக்காரங்களோடதுங்க. எடமில்லீன்னு இங்க வெச்சிருக்காங்க. நாங்க யாரும் வேலை செய்யறதில்லீங்க மேடம்."

"அபிநயா, நான் அதுக்கு வரலை..."

"சத்தியமாங்க. பாப்பா, சொல்லு மேடத்துகிட்ட."

"நாங்க வேலை செய்யறதில்லீங்க" என்றாள் சிறுமி, தரையைப் பார்த்து.

நான் வாயைத் திறந்தேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வார்த்தைகளில் ஒன்றுகூட வரவில்லை. என் மௌனத்தை அவள் வேறுவிதமாக எடுத்துக்கொண்டாள். கண் கலங்கி, இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டாள்.

"தப்புத்தானுங்க மேடம். அந்த அரிசி பத்தலைங்க. பாப்பா பள்ளிக்கூடத்துக்குப் போகணுமுங்க. அதனாலதான் ஒரு வருஷமா... என்னைய மன்னிச்சுக்கங்க. அவரு மனுவ மட்டும் ரத்து பண்ணிப்போடாதீங்க. அவரு ஒரு தப்பும் பண்ணலீங்க, அவரு தூங்கிட்டுத்தான இருக்காரு."

எனக்குப் பின்னால் சந்தில் ஊன்றுகோல் சத்தம் கேட்டது. அபிநயா கும்பிட்ட கையை இறக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிறுமிதான் சத்தம் வந்த பக்கம் எட்டிப் பார்க்க முயன்றாள். ஒரு பக்கம் சாய்ந்தாள், மறுபக்கம் சாய்ந்தாள். வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

விலகி நின்றேன்.